கரிக்கு அடியில் ஒரு பெயர்!

பாலைவனத்தின் நடுவே ஒரு சிறிய கட்டடம். அதன் உள்சுவர் எங்கும் கரி. ஆடு மேய்ப்பவர்களும் வழிப்போக்கர்களும் குளிர் காய்வதற்காக உள்ளே நெருப்பு மூட்டினார்கள். அந்தப் புகை பல நூறு ஆண்டுகளாகப் படிந்து படிந்து, சுவரைக் கறுப்பாக்கிவிட்டது.

2012-ம் ஆண்டு. அந்தக் கட்டடத்தில், ஒரு ஜன்னலுக்கு மேலே இருந்த கரியைச் சில நிபுணர்கள் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். அவசரம் இல்லை. இன்று ஒரு விரற்கடை, நாளை ஒரு விரற்கடை. அவ்வளவுதான்.

கறுப்பு விலகியது. எழுத்துக்கள் தெரிந்தன. அரபு எழுத்துக்கள்! அதிலே ஒரு பெயர் இருந்தது.

"யசீதின் மகன் வலீத்."

இந்தக் கட்டடத்தைக் கட்டியவர் யார் என்று அறிஞர்கள் 100 ஆண்டுகளாக வாதாடிக்கொண்டு இருந்தார்கள். புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். விடையோ அவர்கள் தலைக்கு மேலேயே, கரிக்கு அடியில், பேசாமல் இருந்தது!

அதைக் கண்டுபிடித்தது எது? பெரிய இயந்திரமா? இல்லை. பொறுமை. அந்தப் பொறுமையைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

சின்ன அரண்மனை

அந்தக் கட்டடத்தின் பெயர் குசைர் அம்ரா. ஜோர்டான் நாட்டில் இருக்கிறது. தலைநகரான அம்மானில் இருந்து கிழக்கே 50 மைலுக்கு மேல் போகவேண்டும்.

"குசைர்" என்றால் அரபு மொழியில் "சின்ன அரண்மனை" என்று பொருள். அரண்மனை என்றதும் ஆயிரம் தூண்களையும் அந்தப்புரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மண்டபம். அதன் கோடியில் அரசகுமாரர் அமரும் மாடம். பக்கத்தில் குளிப்பதற்காக மூன்று அறைகள். இவ்வளவுதான் அந்த அரண்மனை!

வெளியே ஆழமான கிணறு. செக்கு மாடு போலக் கால்நடை ஒன்று சுற்றிச் சுற்றி வரும். தண்ணீர் மேலே ஏறித் தொட்டியில் விழும். அங்கிருந்து குளியல் அறைக்குப் போகும். அடுப்பில் எரியும் நெருப்பின் சூடு தரைக்கு அடியில் பரவி, அறையையே வெதுவெதுப்பாக்கும். இது ரோமானியர் காலத்தில் இருந்து வந்த முறை.

மணல்காட்டில் வெந்நீர்க் குளியல்! யாருக்கு இந்த யோசனை வந்தது?

காட்டை விரும்பிய அரசகுமாரர்

கி.பி. 661 முதல் 750 வரை உமையா வம்சத்துக் கலீபாக்கள் டமாஸ்கஸ் நகரில் இருந்து ஆண்டார்கள். மேற்கே ஸ்பெயின். கிழக்கே சிந்து நதி. அவ்வளவு பெரிய சாம்ராஜ்யம்.

அந்த வம்சத்திலே பிறந்தவர் வலீத். கலீபா ஹிஷாம் இவருக்குச் சிற்றப்பா முறை. பெரியவருக்குப் பிறகு பட்டம் இவருக்குத்தான் என்று முடிவாகி இருந்தது. ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரியவர் கண்டிப்பானவர். இளையவருக்கோ கவிதை, பாட்டு, வேட்டை, விருந்து என்றால் உயிர். அரசவையை விட்டு விலகி, பாலைவனத்திலேயே காலம் கழித்தார்.

743-ல் ஹிஷாம் இறந்தார். வலீத் கலீபா ஆனார். ஆனால் அடுத்த ஆண்டே எதிரிகள் அவரைக் கொன்றுவிட்டார்கள். 750-ல் அந்த வம்சத்தின் ஆட்சியே டமாஸ்கஸில் முடிந்துபோயிற்று.

கரிக்கு அடியில் கிடைத்த எழுத்தில் வலீதின் பெயருக்கு முன்னே கலீபாவுக்கு உரிய பட்டம் இல்லை. ஆகவே அவர் கலீபா ஆவதற்கு முன்பு, அரசகுமாரராக இருந்தபோதே இந்தச் சித்திரங்கள் எழுதப்பட்டன என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். ஒரு பெயர் இருந்ததும் ஒரு பட்டம் இல்லாததும் சேர்ந்து, காலத்தையே காட்டிக்கொடுத்துவிட்டன!

உருவப் படமா? அந்தக் காலத்திலா?

இங்கே வாசகர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். "இஸ்லாம் தோன்றி நூறு ஆண்டுகூட ஆகியிருக்குமோ என்னவோ! அந்தக் காலத்தில் மனித உருவங்களைச் சுவரில் எழுதினார்களா?"

எழுதினார்கள். ஆனால் எங்கே எழுதினார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இதே உமையா வம்சத்தார் டமாஸ்கஸில் பெரிய பள்ளிவாசலைக் கட்டினார்கள். அதன் சுவர்களில் சின்னச் சின்ன வண்ணச் சில்லுகளைப் பதித்துப் படங்கள் செய்தார்கள். மரங்கள் உண்டு. ஆறு உண்டு. மாளிகைகள் உண்டு. ஆனால் ஒரு மனிதனும் இல்லை, ஒரு மிருகமும் இல்லை.

தொழும் இடம் வேறு. ஓய்வு எடுக்கும் இடம் வேறு. இந்த வித்தியாசத்தை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். குசைர் அம்ரா இல்லாவிட்டால், இந்த உண்மை நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது.

சுவரிலே ஒரு உலகம்

வாருங்கள், உள்ளே போவோம்.

மண்டபத்துச் சுவரில் வேட்டைக் காட்சி. காட்டுக் கழுதைகள் பாய்ந்து ஓடுகின்றன. எதிரே வலை விரித்துக் காத்திருக்கிறார்கள். மாடத்திலே ஆசனத்தில் ஒரு தலைவர். குளியல் அறையிலே குழந்தையைக் குளிப்பாட்டும் பெண்கள். ஆடை குறைந்த உருவங்களும் இருக்கின்றன. அது குளியல் அறைதானே!

இன்னொரு கூரையைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். கரடி ஒன்று உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிறது. பக்கத்திலே ஒரு குரங்கு அதை ரசிக்கிறது!

வெந்நீர் அறையின் கூரை குடை போலக் குவிந்திருக்கிறது. அதிலே வானம்! பெருங்கரடி, மிதுனம், தனுசு என்று நட்சத்திரக் கூட்டங்கள் உருவங்களாக நிற்கின்றன. குவிந்த கூரையில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் வானப் படங்களில் இதுவே மிகவும் பழையது என்று சொல்கிறார்கள்.

மண்டபத்தில் ஆறு அரசர்கள் வரிசையாக நிற்கும் சித்திரம் ஒன்று உண்டு. அவர்களுடைய பெயர்கள் அரபு எழுத்திலும் கிரேக்க எழுத்திலும் எழுதப்பட்டிருந்தன. நான்கு பேர் யார் என்று தெரிந்துவிட்டது. ரோம சக்கரவர்த்தி சீசர், பாரசீகத்தின் கொஸ்ரு, அபிசீனியாவின் நஜ்ஜாஷி, ஸ்பெயின் மன்னர் ரோடரிக். மற்ற இருவர்? சீனர் என்கிறார் ஒருவர். துருக்கியர் என்கிறார் ஒருவர். இந்திய மன்னராக இருக்கலாம் என்பவரும் உண்டு. வழக்கு முடியவில்லை.

இதிலே ரோடரிக்கின் பெயர் செய்த வேலையைப் பாருங்கள். ஆரம்பத்தில் இந்தக் கட்டடம் இஸ்லாத்துக்கு முந்தியது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஆனால் ரோடரிக் அரசர் ஆனதே 710-ல்தான். அவருடைய சித்திரம் அதற்கு முன்னால் எப்படி வரும்? அரைகுறையாக அழிந்த ஒரு பெயர், அத்தனை வாதத்தையும் அடக்கிவிட்டது!

எனக்குப் பிடித்த படம்

அரசர்களை விட எனக்குப் பிடித்தவர்கள் வேறு சிலர். மண்டபத்தின் கிழக்குப் பக்கத்துக் கூரையில் 32 கட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டங்களில் எல்லாம் தொழிலாளர்கள்!

ஒருவர் கல் உடைக்கிறார். இன்னொருவர் மரம் இழைக்கிறார். கொல்லர் இரும்பை அடிக்கிறார். ஒட்டகம் பாரம் சுமந்து வருகிறது. ஒரு கட்டடம் எப்படி எழுகிறது என்பதை அப்படியே காட்டுகிறார்கள்.

கட்டடத்தைக் கட்டியவர் என்று அரசர் பெயரைச் சொல்கிறோம். கல் சுமந்தவன் பெயரை யார் சொல்கிறார்கள்? இங்கேயும் பெயர் இல்லைதான். ஆனால் அரசர்கள் இருக்கும் அதே மண்டபத்தில், அவர்கள் தலைக்கும் மேலே, கல் தச்சனுக்கும் கொல்லனுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. எத்தனை அரண்மனைகளில் இதைப் பார்க்க முடியும்?

நான்கு கைகள்

இவ்வளவு அருமையான சித்திரங்கள் எப்படிக் கெட்டன? எப்படிப் பிழைத்தன? நான்கு கைகளின் கதை இது.

முதல் கை, நெருப்பு மூட்டிய கை. சுவர் கரியானது. சிலர் தங்கள் பெயரையும் சுவரில் கீறிவிட்டுப் போனார்கள். ஆனால் குளிரில் நடுங்கியவன் நெருப்பு மூட்டியதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு அது ஒரு கூரை. அவ்வளவுதான்.

இரண்டாவது கை, கண்டுபிடித்த கை. அலோய்ஸ் மூசில் என்ற பாதிரியார் 1898-ல் இங்கே வந்தார். மொரேவியா நாட்டில் பிறந்தவர். பாலைவன மக்களோடு மக்களாகப் பழகியவர். முதல் முறை வந்தபோது, எதிரிக் கூட்டம் தாக்க வருகிறது என்று கேட்டு, நின்று பார்க்கக்கூட நேரம் இல்லாமல் ஓடவேண்டியதாயிற்று. ஊருக்குத் திரும்பிச் சொன்னால் அறிஞர்கள் நம்பவில்லை. "பாலைவனத்தில் சித்திர மாளிகையா?" என்றார்கள்.

அவர் விடவில்லை. 1900-ல் மறுபடி வந்தார். 1901-ல் மீலிக் என்ற ஆஸ்திரிய ஓவியரையும் அழைத்து வந்தார். இருவரும் படங்களைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார்கள். 1907-ல் வியன்னாவில் இரண்டு பெரிய புத்தகங்களாக அவை வெளிவந்தன. உலகம் வியந்தது.

அந்த உழைப்புக்கு நாம் கை எடுத்துக் கும்பிடவேண்டும். ஆனால் அதே கைகள் ஒரு தவறும் செய்தன. படம் பளிச்சென்று தெரியவேண்டும் என்று மருந்து போட்டுக் கழுவினார்கள். சுவரில் இருந்து படத்தைப் பெயர்த்து எடுத்துப்போகவும் பார்த்தார்கள். ஆறு அரசர்களின் சித்திரம் அதனால் மிகவும் சேதம் அடைந்தது. இங்கிருந்து போன துண்டுகள் சில, இன்றும் பெர்லின் நகரப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன.

கெட்ட எண்ணம் இல்லை. அவசரம்! ஆசை! அவ்வளவுதான்.

மூன்றாவது கை, உதவ வந்த கை. 1971 முதல் 1974 வரை ஸ்பெயின் நாட்டு நிபுணர்கள் இங்கே பாடுபட்டார்கள். பெரும்பகுதிக் கரியை எடுத்தார்கள். கட்டடத்தைப் பழுது பார்த்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால் எவ்வளவு இடிந்து விழுந்திருக்குமோ! 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை இதற்குக் கிடைத்தது என்றால், அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அவர்களும் அந்தக் காலத்து வழக்கப்படி ஒன்று செய்தார்கள். மங்கிய கோடுகள் மேல் புதிய கோடு இழுத்தார்கள். மேலே அரக்கு வார்னிஷ் பூசினார்கள். ஆண்டுகள் போகப்போக, அதுவே சித்திரத்துக்குப் பாரமாகிவிட்டது.

நான்காவது கை, 2010-ல் வந்தது. ஜோர்டான் தொல்பொருள் இலாகா, இத்தாலி நாட்டுப் பாதுகாப்பு நிபுணர்கள், உலக நினைவுச் சின்ன நிதி என்ற அமைப்பு, மூன்றும் ஒன்று சேர்ந்தன. அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? புதிதாக எழுதுவது அல்ல. முன்னே வந்தவர்கள் சேர்த்ததை எடுப்பது! வார்னிஷை எடுத்தார்கள். மீதிக் கரியை எடுத்தார்கள். பின்னால் இழுத்த கோடுகளை எடுத்தார்கள். அப்படி எடுத்துக்கொண்டே வந்தபோதுதான் வலீதின் பெயர் வெளியே வந்தது.

முன்னே வந்த கைகள் சேர்த்தன. இந்தக் கை விலக்கியது. பெயர் கிடைத்தது விலக்கிய கைக்குத்தான்!

"முழுசாக எழுதிவிட்டால் என்ன?"

இங்கே வருகிறவர்களில் பலர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "முகம் பாதி போய்விட்டது. கை இருக்கிறது, உடம்பு இல்லை. இவ்வளவு தூரம் வந்து இதையா பார்ப்பது? நல்ல ஓவியரைக் கூப்பிட்டு முழுசாக எழுதிவிட்டால் என்ன? குழந்தைகளுக்கும் புரியுமே!"

நியாயமான கேள்விதான். கிழிந்த துணியைத் தைப்பது போல, அழிந்த படத்தையும் தைத்துவிடலாம் என்று தோன்றுவது இயற்கை.

ஆனால் அது கூடாது என்பதே என் கருத்து. இரண்டு காரணம் சொல்கிறேன். இரண்டும் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன.

ஒன்று, அடையாளம் தெரியாத அந்த இரண்டு அரசர்கள். 50 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு நல்ல மனிதர், "இவர் சீனச் சக்கரவர்த்திதான்" என்று முடிவு கட்டி, அழகாகச் சீன முகம் எழுதி இருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோரும் நம்பியிருப்போம். பள்ளிப் பாடத்தில்கூட வந்திருக்கும். அது உண்மையா பொய்யா என்று இனி யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும். இன்று அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமை நேர்மையானது. "எனக்குத் தெரியாது" என்று சுவர் சொல்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் என்ன வெட்கம்?

இரண்டு, கூரையில் இருக்கும் வானம். அந்த வானத்தில் ஒரு பெரிய "தவறு" இருக்கிறது! நாம் அண்ணாந்து பார்க்கும் வானத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் எந்த வரிசையில் போகின்றனவோ, அதற்கு நேர்மாறாக அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாகவும், வலம் இடமாகவும் மாறி இருக்கிறது.

ஏன் இப்படி? அந்தக் காலத்து வானநூல் அறிஞர்கள் ஓர் உருண்டை செய்து, அதன் வெளிப்புறத்தில் நட்சத்திரங்களைக் குறிப்பார்கள். நாம் வானத்தைப் பார்ப்பது உள்ளே இருந்து. உருண்டையைப் பார்ப்பது வெளியே இருந்து. ஆகவே வரிசை மாறிவிடும். ஓவியர் அப்படிப்பட்ட உருண்டையைப் பார்த்தோ, அதில் இருந்து எடுத்த படத்தைப் பார்த்தோ கூரையில் எழுதியிருக்கவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். நன்றாகப் படித்த ஒருவர் வந்து, "ஐயோ, வானம் தலைகீழாக இருக்கிறதே!" என்று அதைத் திருத்தி இருந்தால்? வானம் சரியாகி இருக்கும். ஆனால் பாலைவனத்து ஓவியர் கைக்கு வானநூல் அறிவு எந்த வழியாக வந்தது என்ற செய்தி, அடியோடு அழிந்திருக்கும். அந்தத் தவறுதான் அதன் விலை மதிப்பு!

ஆகவேதான் சொல்கிறேன். அழகாக்குவது வேறு. காப்பாற்றுவது வேறு. பாட்டியின் முகத்துச் சுருக்கத்தை மறைத்துவிட்டால், அவள் சிறு பெண் ஆகிவிட மாட்டாள். நம் பாட்டி போலவும் இருக்க மாட்டாள்.

நாம் செய்யக்கூடியது

முழுப் படத்தைப் பார்க்க ஆசை இருந்தால், அதற்கு வழி உண்டு. மீலிக் 1901-ல் நகல் எடுத்தது போல, காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரிலும் செய்து பார்க்கலாம். இரண்டு அரசர்களுக்கும் பத்து விதமான முகம் போட்டுப் பார்க்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை. பிடிக்காவிட்டால் கிழித்துப் போடலாம். சுவரைக் கிழித்துப் போட முடியுமா?

பாதி முகம் குழந்தைகளுக்குப் புரியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "மீதி முகம் எங்கே போயிற்று?" என்று குழந்தைதான் முதலில் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால், அரசகுமாரரும் ஆட்டிடையனும் பாதிரியாரும் வார்னிஷும் எல்லாம் கதையில் வந்துவிடுவார்கள். முழு முகம் ஒரு நிமிஷத்தில் பார்த்து முடிந்துவிடும். பாதி முகத்துக்கு ஒரு மாலைப் பொழுது வேண்டும்!

அங்கே போகும் வாய்ப்பு சிலருக்குத்தான் கிடைக்கும். போகிறவர்கள் சுவரைத் தொடாமல் பார்த்துவிட்டு வரட்டும். தங்கள் பெயரைக் கீறாமல் வரட்டும். அந்தச் சுவருக்கு ஒரு பெயர் போதும்.

அந்தப் பெயரோடு இருந்த வாசகத்தை இன்னும் நான் சொல்லவில்லை. வலீதைப் புகழ்ந்து எழுதவில்லை. "வெற்றி வீரர்" என்று எழுதவில்லை. அது ஒரு பிரார்த்தனை. வலீதை நல்லவராக்க வேண்டும் என்று இறைவனிடம் வேண்டும் பிரார்த்தனை.

விருந்தும் வேட்டையுமாக வாழ்ந்த ஓர் இளைஞருக்காக, வெட்டிச் சாய்க்கப்படப்போகிறார் என்று அறியாமல், யாரோ எழுதி வைத்த வேண்டுதல். ஏறத்தாழ 1,270 ஆண்டுகள் அது கரிக்கு அடியில் இருந்தது. அவசரக்காரர்கள் கையில் சிக்கியிருந்தால், கரியோடு கரியாக அதுவும் போயிருக்கும்.

துடைக்கத் தெரிந்தவர்கள் வரும்வரை அது காத்திருந்தது. இன்னும் அந்தச் சுவரில் எது எது காத்திருக்கிறதோ!